சீட்டு எடுத்தவர் கட்டித்தான் ஆகணும்

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் இருக்கும் தோழிகளே, நெப்ராஸ்கா குளிரில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பி வந்து இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

தேங்கிக் கிடக்கும் தையல் வேலையில் முதலில் கையில் எடுக்க வேண்டியது எது? பீ என்னும் தையல் குழுவில் தோழிகளுக்கு நாம் தைத்துத் தர வேண்டிய பிளாக்கா, நாமே பாதியில் விட்ட குவில்ட்டா? இதுதான் இன்றைக்குத் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா சொந்தக் குவில்ட்டுக்காக மனம் உருகப் பேசினார். எட்டு வருடத்துக்கு முன்னால் மகனின் முதல் பிறந்தநாளுக்கென்று வெட்டிய துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது, மகன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான் என்று அவர் சொன்னபோது நானும் கலங்கினேன். என் அலமாரியிலும் அப்படி ஒன்பது இருக்கின்றன. ஆனாலும் முதலில் பீ பிளாக்கை எடுங்கள் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

தையல் தெரியாதவர்கள் பலர் இருக்கிறீர்கள். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இந்த மூன்றும் பிரியாமல் ஓட்டுத்தையல் போட்டால் அது குவில்ட் என்னும் போர்வை. பீ என்றால் தேனீ. தேனீபோல் கூடி வேலை செய்வதால் அந்தப் பெயர் என்று பலரும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இங்கே ஒரு வீட்டுக்காரி மேல்துணியை முடித்துவிட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நாளில் ஓட்டுத்தையல் போட்டு முடிப்பார்கள். வீட்டுக்காரி சாப்பாடு போடுவாள். அடுத்த முறை இன்னொருத்தி வீட்டில் சட்டம் விரிக்கும்போது இவளும் ஊசியோடு போய் நிற்பாள்.

இப்போது அந்தச் சட்டத்தின் வேலையைத் தபால் செய்கிறது. எங்கள் பீயில் 12 பேர். இந்த ஊரில் நான் ஒருத்தி. மற்றவர்கள் ஒஹாயோ, டெக்சஸ், ஓரிகன் என்று நாடு முழுக்க இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருத்தி ராணி. எனக்கு இந்த மாதிரி, இந்த நிறத்தில் வேண்டும் என்று அவள் கேட்பாள். மற்ற 11 பேரும் ஆளுக்கொரு பிளாக், அதாவது ஒரு சதுரக் கட்டம், தைத்து அனுப்ப வேண்டும். பன்னிரண்டரை அங்குலம் வெட்டி அனுப்புவோம். நாலு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போனால் பன்னிரண்டு நிற்கும். ராணி தன் பங்குக்கு ஒன்று தைப்பாள். ஆக மொத்தம் பன்னிரண்டு.

நடுவர் அவர்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு எங்கள் தெருவில் அம்மா கட்டிய சீட்டுதான் ஞாபகம் வருகிறது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம், மாதம் ஒருத்தர் எடுப்பார். பீ என்பது துணியில் கட்டும் சீட்டு. சீட்டில் பெரிய பாவம் எது என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: எடுத்த பிறகு கட்டாமல் விடுவது. கடைசி மாதம் எடுக்கப் போகிறவள் இத்தனை நாளும் தன் காசை மற்றவர்களுக்காகப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இரண்டாம் மாதமே எடுத்துக்கொண்டு போனவள் அப்புறம் கை விரித்தால், அடி விழுவது அந்தக் கடைசிக்காரி தலையில்.

எதிரணி அக்கா கேட்டார்: “பீ ஒரு பொழுதுபோக்குத்தானே, இதில் கடன் எங்கே வந்தது? யாரும் வட்டி கேட்கப் போவதில்லையே?” நல்ல கேள்வி. அதற்கு என் பதில், நான் செய்த ஒரு தவறு. மேடையில் சொல்லக் கூச்சம்தான். சொன்னால் ஒருத்தராவது இன்று இரவு போய் மெஷினைத் திறப்பீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

போன வருடம் பிப்ரவரி மாதம் நான் ராணி. நீலத்திலும் வெள்ளையிலும் ஒஹாயோ நட்சத்திரம் என்ற மாதிரியைக் கேட்டேன். மார்ச் பாதிக்குள் பதினொரு கவரும் வந்துவிட்டன. ஒரு கவரில் பிளாக்கோடு ஒரு தேநீர்ப் பையும் இருந்தது. நான் பார்த்தே இராத ஒரு பெண் வைத்தது. ஏப்ரலில் மதுரையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓடினேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று பிளாக் பாக்கி. அதுவரை யாருக்கும் வருத்தமில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும். தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்த அன்று என் கை பாக்கியை எடுக்கவில்லை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் நான் மூன்று வருடத்துக்கு முன்பு தொடங்கிப் பாதியில் விட்டிருந்த குவில்ட்டை எடுத்தது. ஜூலை முழுக்க அதையே தைத்தேன். எதிரணி சொல்வதையே செய்தேன், நடுவர் அவர்களே.

ஜூன் ராணி ஒஹாயோக்காரி. அவள் தன் மகளுக்காகக் கேட்டிருந்தாள். ஆகஸ்டில் அந்தப் பெண் கல்லூரி விடுதிக்குப் போகிறாள், போகும்போது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அவளிடம் சேர்ந்தது பதினொன்று. பதினொன்றை எப்படி அடுக்குவீர்கள்? பன்னிரண்டு என்றால் மூன்றுக்கு நாலு, அழகான செவ்வகம். பதினொன்று எதாலும் வகுபடாது. ஒரே வரிசையாக நீட்டினால்தான் உண்டு. ஆகஸ்டில் முடித்த குவில்ட்டின் படத்தை அவள் எங்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் மட்டும் வெறும் வெள்ளைத் துணி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பதினொரு கைவேலைக்கு நடுவில் நான் இல்லாத இடம் பன்னிரண்டு அங்குலச் சதுரமாக எனக்குத் தெரிந்தது.

அக்டோபரில் என் பிளாக் போய்ச் சேர்ந்தது. அதை அவள் என்ன செய்வாள்? ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் பிளாக்கை இங்கே அநாதை பிளாக் என்பார்கள். அது இப்போது அவள் பெட்டியில் இருக்கிறது. என் பெட்டியை ஒழிக்கப் போய் அவள் பெட்டியில் ஒரு பாதி வேலையைச் சேர்த்துவிட்டேன்.

எதிரணி இதைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். பாதியில் நிற்கும் குவில்ட் எல்லாம் சோம்பலால் நிற்பவை அல்ல. என் ஒன்பதில் இரண்டு, பழைய பீ ஒன்றிலிருந்து வர வேண்டிய பிளாக் வராததால் நிற்கின்றன. வீட்டுக்குப் போய் உங்கள் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எத்தனை பாதி வேலை இன்னொருத்தியின் பாக்கிக்காகக் காத்திருக்கிறது என்று தெரியும். என் சுங்குடிக் குவில்ட்டை முடித்தால் ஒரு வீட்டில் ஒரு வேலை முடியும். மூன்று பிளாக்கை முடித்தால் மூன்று வீட்டில் வேலை நகரும்.

“தனக்கு மிஞ்சித்தான் தானம்” என்று அக்கா பழமொழி சொன்னார். தானத்துக்கு அது சரி. ஆனால் இது தானம் இல்லையே, அக்கா. வாங்கியதைத் திருப்புவது. மொய் நோட்டில் நம் பெயருக்கு நேரே அவர்கள் எழுதிவிட்டுப் போனதை, அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் எழுதுவதற்குத் தானம் என்றா பெயர்?

அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊரைப் பற்றியும் அக்கா பேசினார். அந்தக் கறுப்பினப் பெண்களின் குவில்ட்களை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது, 2006-இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றை வைத்துத் தபால்தலைகள் வெளியிட்டது, ஒவ்வொருத்தியும் தன் மனம் போனபடி தைத்ததால்தான் அந்தப் புகழ் என்றார். மேல்துணி வரைக்கும் அது உண்மை. அதை அவரவர் வீட்டில் தனியாக, தன் கற்பனைப்படிதான் ஒட்டுப்போட்டார்கள். ஆனால் ஓட்டுத்தையலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே வட்டாரத்தில் 1966-இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஃப்ரீடம் குவில்டிங் பீ. வாக்குரிமைக்காக நின்று வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அந்தப் பீ வழியாகக் காசு வந்தது. அங்கிருந்து வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு போனது. கடைக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒருத்தி தன் சொந்த வேலையை முதலில் எடுத்திருந்தால் அந்தக் கூட்டுறவு நின்றிருக்குமா?

இன்னொரு இடத்துக்கும் உங்களை அழைத்துப் போக வேண்டும். 1942, சிங்கப்பூர், சாங்கி சிறை. ஜப்பானியர் பிடித்து அடைத்த பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் வேறு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, அவனுக்கும் இவளைப் பற்றித் தெரியாது. எதெல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலத் துணி. அதில் உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பூவேலை செய், உன் பெயரையும் தை. 66 கட்டங்கள் சேர்ந்து ஒரு குவில்ட். அப்படி மூன்று செய்தார்கள். காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி அவை ராணுவ மருத்துவமனைக்குக் கைமாறின. துணியில் தைத்த பெயரைப் படித்த ஒருவனுக்கு, அவள் உயிரோடு இருக்கிறாள், ஊசி பிடிக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். இரண்டு குவில்ட்கள் இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தச் சிறையில் கிடைத்த ஊசியும் நூலும் கொஞ்சம்தான் இருந்திருக்கும். அந்தக் கொஞ்சத்திலும் அந்த ஆறு அங்குலத்தைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பாக்கி அத்தனை பெரிதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கட்டத்தில் பெயர் தைத்துக் கொடுத்தால் “நானும் உன்னோடு இருக்கிறேன்” என்று அர்த்தம். அது இந்த நாட்டில் பழைய வழக்கம். 1840-களில் மேற்கே குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு உறவும் நட்பும் கட்டத்துக்குக் கட்டம் கையெழுத்துப் போட்டுக் குவில்ட் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அந்த நாளைய பால்டிமோர் நகரத்து ஆல்பம் குவில்ட்கள் பலவும் அப்படித்தான், பல கைகள் சேர்ந்தவை. வண்டி கிளம்பும் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

சொந்தக் குவில்ட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. பருத்தி பொறுமைசாலி. 1930-களில் தீவன மூட்டைத் துணியில் யாரோ ஒட்டுப்போட்டு நிறுத்திய மேல்துணிகளை இன்றும் பழம்பொருள் கடையில் வாங்கி வந்து ஓட்டுத்தையல் போட்டு முடிக்கிறார்கள். தொண்ணூறு வருடம் காத்திருக்கிறது! நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: வெயில் படாத இடத்தில் வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தால் மட்டும் அதை இப்போதே அலசிவிடுங்கள். அதன்மேல் இஸ்திரிப்பெட்டி பட்டால் கறை நின்றுவிடும்.

“அப்படியானால் என் வேலை எப்போதுதான் நடக்கும்?” இது அக்காவின் கடைசிக் கேள்வி. பிளாக்கோடு சேர்ந்தே நடக்கும். பாக்கி பிளாக் எல்லாவற்றுக்கும் ஒரே உட்காரலில் துணி வெட்டிவிடுங்கள். தைக்கும்போது நூலை அறுக்காமல் துண்டை ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குள் விடுவோம் இல்லையா, பூ தொடுப்பதுபோல். தொடக்கத்திலும் முடிவிலும் நூல் சிக்காமலிருக்க ஒரு கழிவுத் துணியை ஓட்டுவோம். அந்தக் கழிவுத் துணிக்குப் பதிலாக உங்கள் சொந்தக் குவில்ட்டின் இரண்டு துண்டை விடுங்கள். நவம்பரிலிருந்து நான் இப்படித்தான் தைக்கிறேன். பீ பிளாக் முடியும்போது சுங்குடியிலும் ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது. அம்மா வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, “அந்தச் செகப்பு நான் உன் வளைகாப்புக்குக் கட்டுனதுல்ல?” என்று கேட்டாள்.

நடுவர் அவர்களே, நேரம் முடிந்ததாக மணி அடித்துவிட்டீர்கள். என் கைப்பையில் இரண்டு கவர் இருக்கின்றன. ஒன்று ஓரிகனுக்கு, ஒன்று டெக்சஸுக்கு, டிசம்பர் பாக்கியும் ஜனவரி பாக்கியும். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் இரண்டும் போய்விடும். ஒஹாயோக்காரியிடம் அந்த அநாதை பிளாக்கைத் திருப்பி அனுப்பு, அதற்கு ஜோடியாக இன்னும் பதினொன்று நானே தைத்து முழுக் குவில்ட்டாகத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அனுப்பியிருக்கிறாளாம், வந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.