ஒரே கோரிக்கை, 3,211 உரைகள்: ஒரு செனட்டரின் 19 வருடப் பிடிவாதம்

1967 ஜனவரி 11. அமெரிக்க செனட்டில் ஓர் உறுப்பினர் எழுந்து நிற்கிறார். ஓர் ஒப்பந்தத்தை இந்த அவை கிடப்பில் போட்டிருப்பது நாட்டுக்கே அவமானம், அது நிறைவேறும்வரை தினமும் இதைப் பற்றிப் பேசுவேன் என்கிறார். சொன்னபடி செய்தார். 19 வருடங்கள், மொத்தம் 3,211 உரைகள்!

(திரையில்: 3,211)

அவர் பெயர் வில்லியம் ப்ராக்ஸ்மயர். விஸ்கான்சின் மாநிலம், ஜனநாயகக் கட்சி. ஜோசப் மெக்கார்த்தி இறந்து காலியான இடத்துக்கு 1957இல் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர், 1989 ஜனவரி வரை அங்கே இருந்தார். வாழ்க்கைக் குறிப்பு இது போதும். விஷயத்துக்கு வருவோம்.

அது இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தம். ராஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் விடாமல் வாதாடியதால், 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டது. இரண்டே நாளில் அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டது. ஆனால் அந்த நாட்டில் அரசின் கையெழுத்து மட்டும் போதாது, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1949இல் ஜனாதிபதி ட்ரூமன் அதைச் செனட்டுக்கு அனுப்பினார். அங்கே அது அப்படியே நின்றுவிட்டது.

ஏன்? இனப்படுகொலையைத் தடுப்பதை யாராவது எதிர்ப்பார்களா? எதிர்த்தார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொன்ற கொடுமைகளும், நிறப் பிரிவினைச் சட்டங்களும் இந்த ஒப்பந்தத்தின் கீழ் கேள்விக்கு வந்துவிடுமோ என்று அங்கிருந்து வந்த செனட்டர்கள் பயந்தார்கள். வெளிநாட்டு நீதிமன்றம் அமெரிக்கர்களை விசாரிப்பதா என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே 1949இல் எதிர்த்தது. அது மனம் மாற 1976 ஆயிற்று. லெம்கினோ 1959இலேயே இறந்துவிட்டார்.

மில்வாக்கியைச் சேர்ந்த புரூனோ பிட்கர் என்ற வழக்கறிஞர்தான் இந்தப் பிரச்சினையை ப்ராக்ஸ்மயரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். அதன் பிறகு ப்ராக்ஸ்மயர் செய்ததுதான் என்னை அசத்துகிறது. செனட் கூடும் நாட்களில் உறுப்பினர்கள் சிறிய உரைகள் ஆற்ற நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் எழுந்து பேசினார். கேட்பதற்குப் பெரிய கூட்டமெல்லாம் இருக்காது. நம் வீடுகளில் காலையில் வாசல் தெளிக்கிறோமே, யார் பார்க்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தா தெளிக்கிறோம்? அப்படித்தான் அவரும். பேச்சில் விஷயம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 1971இல் கிழக்கு பாகிஸ்தானில் வங்காளிகள் கொல்லப்பட்டபோது அதைச் சொன்னார். கம்போடியாவில் படுகொலை நடந்தபோது அதைச் சொன்னார். செய்தித்தாளைப் பிரித்தால் அவருக்கு அன்றைய உரை கிடைத்துவிடும். உலகத்தின் நிலைமை அப்படி இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, பேசிப் பேசி என்ன ஆயிற்று? வெளியுறவுக் குழு 1970களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இந்த ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்தது. 1974இல் விஷயம் அவைக்கு வந்தபோது, வாக்கெடுப்புக்கே போகவிடாமல் எதிர்ப்பாளர்கள் பேசியே இழுத்தடித்தார்கள். பிறகு 1984இல் ஜனாதிபதி ரீகன் ஆதரவு தெரிவித்தார். 1985 மே மாதம் அவர் ஜெர்மனியின் பிட்பர்க் கல்லறைக்குப் போனார். ஹிட்லரின் எஸ்.எஸ். படையினரும் புதைக்கப்பட்ட இடம் அது. பெரிய கொந்தளிப்பு எழுந்தது. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கவும் இந்த ஒப்பந்தம் ரீகன் அரசுக்குத் தேவைப்பட்டது. 1986 பிப்ரவரி 19 அன்று 83க்கு 11 என்ற வாக்குகளில் செனட் ஒப்புதல் கொடுத்தது.

அப்படியானால் ஜெயித்தது பிட்பர்க்கா, 3,211 உரைகளா? என் கருத்தைச் சொல்கிறேன். பிட்பர்க் நடந்த சமயத்தில் இப்படி ஓர் ஒப்பந்தம் காத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்ததே, அதற்குக் காரணம் ப்ராக்ஸ்மயர்தான். 1988இல் வந்த அமலாக்கச் சட்டத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஆனால் முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கா சம்மதிக்காமல் சர்வதேச நீதிமன்றத்தில் அதன்மேல் இந்த ஒப்பந்தத்தின் கீழ் வழக்கு நடத்த முடியாது என்று ஒரு நிபந்தனையையும் செனட் சேர்த்துவிட்டது. 1999இல் நேட்டோ குண்டுவீச்சுக்காக யூகோஸ்லாவியா வழக்குப் போட்டபோது, அமெரிக்காவுக்கு எதிரான வழக்கு அந்த நிபந்தனையால்தான் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

இதுவரை பார்த்தது அவை விவாதம். ஓர் உறுப்பினரின் உண்மையான பலம் தெரிவது குழுக்களில்தான். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

(திரையில்: சி-5ஏ விமானம்)

1968 நவம்பர். இரு அவைகளின் கூட்டுப் பொருளாதாரக் குழுவுக்குக் கீழே ஒரு துணைக்குழு, அதன் தலைவர் ப்ராக்ஸ்மயர். சாட்சி சொல்ல வந்தவர் விமானப் படையின் செலவுக் கணக்குகளைப் பார்த்துவந்த எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். சி-5ஏ என்ற ராட்சத சரக்கு விமானத் திட்டத்துக்குப் போட்ட கணக்கை விட சுமார் 200 கோடி டாலர் கூடுதலாகப் போகுமாமே, உண்மையா என்று கேட்டார் தலைவர். ஃபிட்ஸ்ஜெரால்ட் மழுப்பியிருக்கலாம். மேலிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவரோ அந்தத் தொகை கிட்டத்தட்ட சரியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஒரே பதில். அவர் பார்த்த பதவியையே ஒழித்து அவரை வெளியே அனுப்பினார்கள். போராடி 1973இல்தான் மீண்டும் வேலை வாங்கினார். ஒரு குழுவின் தலைவர் சரியான ஆளை உட்காரவைத்துச் சரியான கேள்வியைக் கேட்டால் ராணுவத் தலைமையகமே ஆடிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பதில் சொன்னவரின் துணிச்சலுக்கும் ஒரு பெரிய வணக்கம்.

கடன் கொடுப்பவர் உண்மையான ஆண்டு வட்டியைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் வாழும் பகுதிகளை வங்கிகள் ஒதுக்கக் கூடாது என்ற 1977ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டிலும் அவருடைய உழைப்பு உண்டு. 10,000க்கும் மேற்பட்ட வாக்கெடுப்புகளில் தொடர்ந்து ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வாக்களித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி எனக்கு அவரிடம் பிடிக்காத ஒன்று. 1975இல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ என்று ஒரு விருதைத் தொடங்கினார். அரசுப் பணத்தை வீணடிப்பவர்களுக்கு மாதாமாதம் ஓர் அவமான விருது. முதல் விருது, மனிதர்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்ற ஆய்வுக்குப் பணம் கொடுத்த தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு. வீண் செலவைத் தட்டிக் கேட்பது நியாயம். ஆனால் தலைப்பு கேட்க வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காக அடிப்படை ஆராய்ச்சியைக் கேலி செய்வது நியாயம் இல்லை. குரங்குகள் எதனால் தாடையை இறுக்குகின்றன என்று ஆராய்ந்த ரொனால்ட் ஹட்சின்சன் என்ற விஞ்ஞானி வழக்கே போட்டுவிட்டார்.

1979இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. செனட்டில் பேசியதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு. அதையே பத்திரிகைக் குறிப்பாகவும் செய்திமடலாகவும் வெளியே அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்புறம் ப்ராக்ஸ்மயர் 10,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார்.

2012இல் இதற்கு நேர் எதிராக ‘கோல்டன் கூஸ்’ என்று ஒரு விருது வந்தது. கேட்க வேடிக்கையாக இருந்து, பிறகு உலகத்துக்கே பயன்பட்ட ஆராய்ச்சிகளுக்கான மரியாதை அது. அந்த ஆராய்ச்சிகளைப் பற்றித் தனி வீடியோ வேண்டும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், அதையும் செய்துவிடலாம்.