வெளி வீதிக்குள்ளே ஒரு நாள்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நம் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் கவிஞர் தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயா இந்த வயதில், இந்த வெயிலில், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன அண்ணனுக்கும், மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிக்கும், வாசலில் நமக்கெல்லாம் பருத்திப்பால் ஊற்றிக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி. கவுன்சிலர் அம்மா பாதியில் கிளம்ப வேண்டும் என்றார்கள், அம்மா, கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஊரும் நினைவும். கோட்டை, குளம், மலை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் கோட்டை. மதுரையில் கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். வடக்கு வெளி வீதி, தெற்கு வெளி வீதி என்று தினமும் ஆட்டோக்காரரிடம் சொல்கிறோமே, கோட்டைச் சுவர் நின்ற இடம் அதுதான். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். நீ இந்தப் பகுதியை இடி, அகழியை மண் போட்டு மூடு, அந்த நிலத்தை நீயே எடுத்துக்கொள் என்று மக்களிடமே விட்டார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். ஊர்க்காரர்கள் அவருக்கு நன்றியாக ஒரு விளக்கை நட்டார்கள். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்க முண்டியடிக்கிற அந்த விளக்குத்தூண் அதுதான். விளக்குத்தூணில் துணி எடுக்காத மதுரைக்காரர் இந்த மண்டபத்தில் ஒருவர் இருக்க மாட்டார், அது எதற்காக நிற்கிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, நாலைந்து கை தெரிகிறது. உள்ளங்கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்று எங்கள் அப்பத்தா சொல்வது இதைத்தான்.

திருமலை நாயக்கர் மஹால் கதைக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் கிராமம். அப்பாவைப் பெற்றவரை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஐயா எங்களையெல்லாம் மஹாலுக்குக் கூட்டிப்போனார், நான், அண்ணன், அத்தை பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் நாங்கள் ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தோம், மூன்று பிள்ளைகள் கைகோத்து நின்றும் கை எட்டவில்லை. "ஐயா, ராஜா எங்கே உட்காருவார்?" என்று அண்ணன் கேட்டான். ஐயா கொஞ்சமும் யோசிக்காமல், "ராஜாவை நான் எங்கடா பார்த்தேன், ஜட்ஜ் ஐயா அந்தா அங்கே உட்காருவாரு" என்று கையை நீட்டினார்.

விஷயம் என்னவென்றால், மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் அந்த மஹாலில்தான் நடந்தது. ஐயாவுக்கும் அவருடைய பங்காளி ஒருவருக்கும் ஒரு வரப்புத் தகராறு. வரப்பு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், ஒரு சாண் அகலம் இருக்கும். அதற்கு வருஷக்கணக்காக வாய்தா. இரண்டு பேரும் ஒரே ஊர், காலையில் வருவது ஒரே பஸ், மஹாலில் உட்காருவது ஒரே தூண், இவர் இந்தப் பக்கம் சாய்ந்திருப்பார், அவர் அந்தப் பக்கம். பேச்சு மட்டும் கிடையாது. பங்காளிகள் என்பதால் இரண்டு பேருக்கும் குலசாமி பெயர்தான் வைத்திருந்தார்கள், ஒரே பெயர். டவாலி வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அந்த வளைவுகளில் பட்டு அது நாலு தடவை எதிரொலிக்கும், அப்பா பெயர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் விளங்காது. இரண்டு பேரும் துண்டை உதறிக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்து, "இந்தா வந்துட்டேன் சாமி" என்பார்களாம். கூட்டம் மொத்தமும் சிரிக்குமாம்.

ஒரு நாள் ஐயா சோற்றுத் தூக்குவாளியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். மத்தியானம் ஆகிவிட்டது, பசி, கையில் திரும்பிப் போக பஸ் காசு மட்டும்தான். எதிராளியிடம் கேட்பாரா? மாட்டார். தூணில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். தூணைச் சுற்றிக்கொண்டு தரையோடு தரையாக ஒரு தூக்குவாளி நகர்ந்து வருகிறது, தள்ளுகிற கை மட்டும் தெரிகிறது, ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். உள்ளே பாதி சோறு, மோர், ஓரத்தில் ஒரு சுண்டவத்தல் குவியல். ஐயா சாப்பிட்டுவிட்டுக் கழுவி அதே மாதிரி தள்ளிவிட்டாராம். வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வரப்பு இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த எதிராளியைத்தான் நாங்கள் சின்னையா, சின்னையா என்று கூப்பிட்டு அவர் தோளில் ஏறி வளர்ந்தோம். எங்கள் ஐயா அன்றைக்கு அந்தத் தூணைத் தேடிக் கண்டுபிடித்து, சுண்ணாம்பு மெருகின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அந்த மெருகு குளுகுளுவென்று இருக்கும், நீங்களும் வைத்துப் பார்த்திருப்பீர்கள்.

திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் இன்றைக்கு நாம் பார்ப்பது ஏறக்குறைய கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்தெடுத்துக்கொண்டு போனது போக, இடிந்தது போக, 1866 முதல் 1872 வரை கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் சொன்னதால் இவ்வளவாவது நிற்கிறது. அரண்மனை எதுவரைக்கும் பரந்து கிடந்தது என்று தெரிய வேண்டுமானால் பத்துத் தூண் சந்துக்குப் போக வேண்டும். மேலே கூரை இல்லாமல், பத்துத் தூண் மட்டும் வரிசையாக நிற்கும், அடியில் கடைகள், மூட்டைகள், நிறுத்தின வண்டிகள். தலை தூக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன், பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கட்டி விடியற்காலை பஸ் ஏறி, வெளியூரில் தண்ணீர்ச் சறுக்கு விளையாடிவிட்டு வந்தான். போகட்டும், விளையாட்டும் வேண்டியதுதான். தம்பி, பத்துத் தூண் தெரியுமா என்றேன். "துணிக்கடையா மாமா?" என்றான். பிள்ளை மேல் தப்பில்லை, நாம் கூட்டிப்போகவில்லை. உள்ளங்கையில் வெண்ணெய், நெய்க்கு நூறு மைல் பஸ்.

அதனால் நாலு பேரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த மேடையிலும் கேட்கிறேன். மதுரையில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையையும், ஆறாம் வகுப்பில், ஒரு நாள், வெளி வீதிக்குள்ளே நடக்க வையுங்கள். பஸ் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். ஜங்ஷனுக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரத்தில் ஆரம்பிக்கலாம். அங்கிருந்து மேல மாசி வீதி, 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தியடிகள் மேல்சட்டையை விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறிய வீடு அங்கேதான் இருக்கிறது, இப்போது கீழே கதர்க் கடை. அப்புறம் மீனாட்சியம்மன் கோயில். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டவர்களோடு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார் என்பதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, அந்த வாசலில் நிற்கவைத்துச் சொல்ல வேண்டும். உள்ளே முக்குறுணி விநாயகரைப் பார்க்கட்டும், சதுர்த்திக்கு 18 படி அரிசியில் கொழுக்கட்டை என்றால் எந்தப் பிள்ளை மறக்கும்? கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அங்கே தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடும், அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு அங்கேதான் உடுப்புத் தைப்பார்கள், அந்த மிஷின் சத்தத்தில் அம்மா பேரம் பேசுவது கேட்காது. கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், மறைந்து கிடந்த சிற்பங்களைப் பிள்ளைகள் நின்று பார்க்கலாம். அங்கிருந்து விளக்குத்தூண், பத்துத் தூண், மஹால். அவ்வளவுதான் நடை.

குளத்துக்கு ஒரு வார்த்தை. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மண் எடுத்துத்தான் மஹாலுக்குச் செங்கல் சுட்டார்கள், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் அந்த முக்குறுணி விநாயகர் என்று சொல்வார்கள். எங்கள் காலத்தில் குளத்தில் பெரும்பாலும் கிரிக்கெட்தான். இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிறைந்து நிற்பதைப் பார்க்கும்போது வயிறு குளிர்கிறது. நேரமிருந்தால் சாயங்காலம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் படியில் உட்காரவைத்துச் சுண்டல் வாங்கிக் கொடுக்கலாம். மலையைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்.

கவுன்சிலர் அம்மா, என் கோரிக்கை இரண்டு. பத்துத் தூணில் தமிழில், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் ஒரு பலகை. கூட்டிவரும் டீச்சர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நம்பிப் போகிற மாதிரி வழியில் சுத்தமான ஒரு கழிப்பறை. இது இல்லாததால்தான் பல பள்ளிகள் யோசிக்கின்றன, நான் பேசிப் பார்த்த டீச்சர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். தலைமையாசிரியர் ஐயா, உங்கள் பழைய மாணவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு ஆசிரியர்கள், நீங்கள் ஒரு போன் போட்டால் நடக்கும்.

பள்ளிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நாமே ஆரம்பிக்கிறோம். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மங்கம்மாள் சத்திரத்து வாசலில் நிற்பேன். வாசலில் பருத்திப்பால் அக்கா பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பிள்ளை பெயர், வகுப்பு, உங்கள் போன் நம்பர் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினால் போதும், காலைப் பலகாரத்துக்கு மண்டபத்து அண்ணன் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். தாத்தா பாட்டிகளும் வரலாம். நன்றி, வணக்கம்.