அணுவும் மூலக்கூறும் மோதும் இடம்

(திரையில்: இருட்டான வெற்றிட அறை, நடுவே மெல்லிய லேசர் ஒளி)

இந்த லேசர் ஒளி தாங்கிப் பிடித்திருப்பது ஒரு துளி வாயு. அதில் தனியாகத் திரியும் பொட்டாசியம் அணுக்கள் இருக்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் ஜோடி சேர்ந்த மூலக்கூறுகளும் இருக்கின்றன. வெப்பநிலை, இருக்கக்கூடிய மிகக் குறைந்த குளிர்நிலையான தனிச்சுழியிலிருந்து ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் குளிரில் அணுவைக் கோலிக்குண்டாக நினைக்கக் கூடாது. வேகம் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். இங்கே மோதல் என்றால் இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதுதான்.

(திரையில்: சாய்ந்து செல்லும் இரண்டு கோடுகள்)

அணுவும் மூலக்கூறும் நெருங்கும்போது, மூன்று அணுக்களும் ஒட்டிக்கொள்ளக்கூடிய நிலைகள் சில உண்டு. அந்த நிலைக்கு ஓர் ஆற்றல், மோத வரும் ஜோடிக்கு ஓர் ஆற்றல். இரண்டின் காந்தத் தன்மையும் வேறு என்பதால், காந்தப்புலத்தைக் கூட்டும்போது இரண்டு ஆற்றல்களும் சேர்ந்து நகராது. எங்கோ ஓரிடத்தில் இரண்டு ஆற்றல்களின் கோடுகளும் வெட்டிக்கொள்ளும். அங்கே மோதல் சட்டென்று வலுக்கும். இதுதான், ஃபெஷ்பாக் என்ற இயற்பியலாளரின் பெயரால் வழங்கும் ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு.

அணுவோடு அணு மோதுவதில் இதை 1998-லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கெட்டர்லியின் குழு பார்த்துவிட்டது. சரி, மூலக்கூறில் பார்க்க ஏன் இவ்வளவு காலம்? மூலக்கூறு சுழலும், அதிரும். மூன்று அணுக்கள் சேரும்போது நிலைகள் ஏராளமாகிவிடும். ராத்திரியில் மீடியம் வேவ் ரேடியோவைத் திருப்பினால் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகுமே, அப்படி எல்லாம் குழம்பிவிடும் என்ற பயம் இருந்தது. எந்தக் காந்தப்புலத்தில் தேட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவும் முடியவில்லை.

(திரையில்: வரைபடத்தில் வரிசையாகப் பள்ளங்கள்)

தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போ ஜாவ், ஜியான்-வெய் பான் குழுவினர் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மூலக்கூறுகள் மிஞ்சின என்று அளந்தார்கள். மோதல் வலுத்த இடத்தில் மூலக்கூறுகள் வேகமாகக் காணாமல் போயின. காந்தப்புலத்தை அளக்கும் காஸ் அலகில் 43 முதல் 120 வரை 11 ஒத்ததிர்வுகள், தனித்தனியாக! 2019-இல் வந்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பயந்த அளவுக்கு இரைச்சல் இல்லை. நிலையங்கள் தெளிவாகவே கேட்டன.

அந்த இடங்கள் தெரிந்ததும் அடுத்த வேலை தொடங்கியது. 2022-இல் அதே கலவையில், காந்தப்புலத்தை ஓர் ஒத்ததிர்வின் குறுக்கே மெல்ல நகர்த்தினார்கள். ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்தவை இம்முறை ஒட்டியே நின்றன.

(திரையில்: மூன்று புள்ளிகள் ஒன்றாகச் சேர்கின்றன)

ஒரு சோடியம், இரண்டு பொட்டாசியம்.