எங்கே இருக்க? எப்ப வருவ?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பண்டிகை நாளில் வெளிநாட்டுக் கடலில் நிற்கும் போர்க்கப்பல் மாலுமியைத் தாங்குவது வீட்டிலிருந்து வரும் குரலா, கப்பலில் கூட இருக்கும் தோழமையா? தோழமைதான் என்று பேச வந்திருக்கிறேன். பதினான்கு வருஷம் போர்க்கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு பண்டிகைகள் கடலிலேயே போயின.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி உருக்கமாகப் பேசினார். "அம்மாவின் குரலை ஒரு நிமிஷம் கேட்டால் போதும், ஆறு மாதக் களைப்பும் பறந்துவிடும்" என்றார். சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் குரலை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். அதற்காக சாட்டிலைட் ஃபோன் வரிசையில் கால் கடுக்க நின்றவன் நான். ஆனால் அந்தக் குரல் என்ன கேட்கும் என்பதைச் சகோதரி சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கேள்வி கேட்கும். "எங்கே இருக்க?" அப்புறம், "எப்ப வருவ?"

இரண்டுக்கும் பதில் சொல்ல அவனுக்கு அனுமதி கிடையாது. கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் தேதியில் திரும்புகிறது என்பதை வெளியே சொன்னால் கப்பலில் இருக்கும் அத்தனை பேருடைய உயிருக்கும் ஆபத்து. அதனால் "கடல்லதான் இருக்கேன்", "சீக்கிரம் வந்துருவேன்" என்பான். அது பதில் இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும். பிறகு "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். முந்தின நாள் அலையில் வயிற்றில் ஒன்றும் தங்காமல் கிடந்தவன் "ரொம்ப நல்லா இருக்கேன்" என்பான். அந்தப் பக்கம் அவர்களும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பார்கள். ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரியாமல் இரண்டு பக்கமும் மறைக்கிறார்கள், நடுவர் அவர்களே. பாசத்தால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைக்க வேண்டிய இடத்தில் மனிதன் பாரத்தை இறக்கி வைக்க முடியுமா?

பக்கத்து பங்க்கில் படுத்திருப்பவனிடம் எதை மறைப்பது? ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று படுக்கைகள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். மேலே இருப்பவன் புரண்டு படுத்தால் கீழே இருப்பவனுக்குத் தெரியும். ராத்திரி சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒருவன் தூங்காமல் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் தெரியும். அவன் "எங்கே இருக்க" என்று கேட்க மாட்டான், அதே இடத்தில்தான் அவனும் இருக்கிறான். "எப்ப வருவ" என்றும் கேட்க மாட்டான்.

"இப்போதுதான் கப்பலில் இணையம் வந்துவிட்டதே, வீடியோவில் முகமே பார்க்கலாமே" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். வந்துவிட்டது, சரி. ஆனால் போர்க்கப்பலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரேடியோ அலையும் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. ஆபத்தான பகுதிக்குள் நுழைந்தால் முதலில் அடங்குவது மாலுமியின் ஃபோன்தான். அமெரிக்கக் கடற்படையில் இதற்கு 'ரிவர் சிட்டி' என்று ஒரு சங்கேதச் சொல்லே உண்டு. அது ஒலித்தால் வெளியுலகத் தொடர்பு சுருங்கிவிடும். அது பிறந்த நாளா, பண்டிகையா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. எந்த நாளில் வீட்டுக் குரல் அதிகம் தேவையோ, அந்த நாளில்தான் அது பெரும்பாலும் கிடைக்காமல் போகிறது.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பண்டிகைக்கு முந்தின ராத்திரி. எனக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் வாட்ச், அதாவது முறை வேலை. இன்ஜின் ரூம் வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. காதில் சத்தத் தடுப்பான். மணிக்கு ஒருமுறை ஆயில் அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அன்றைக்கு ஃபோனில் பேச எனக்குக் கொடுத்திருந்த நேரமோ ராத்திரி ஒன்றரை மணிக்கு. வாட்சை விட்டுப் போக வழியே இல்லை. வீட்டில் என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பேச முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று இருபதுக்கு ஏணியில் ஒருவன் இறங்கி வருகிறான். எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வாட்ச் முடித்துவிட்டுப் போனவன். அப்படியொன்றும் எனக்கு நெருங்கிய நண்பன் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் கருவிகளை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டிருந்தோம். வந்தவன் வாட்ச் பொறுப்பாளரிடம் கையைக் காட்டி அனுமதி வாங்கினான். என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டான். காதுத் தடுப்பானைத் தூக்கி, "போ" என்று கத்தினான். அந்த ஒரு சொல்தான்.

மூன்று தளம் ஏறிப் போய்ப் பேசினேன். நாலு நிமிஷம். குழந்தை தூங்கிவிட்டது என்று சொல்லி, என் மனைவி ஃபோனை அதன் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூச்சு மட்டும் கேட்டது. இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

எதிரணியினர் கை தட்டுகிறார்கள். "பார்த்தீர்களா, வீட்டுக் குரல்தானே" என்கிறார்கள். தட்டுங்கள், அந்த மூச்சுக்குத் தட்டத்தான் வேண்டும். ஆனால் திரும்பி இறங்கி வந்தேனே, அப்போது வாட்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. பயணத்தில் இன்னும் மூன்று மாதம் பாக்கி. அந்த மூச்சைக் கேட்ட பிறகு ஏணியில் கீழே இறங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கால் வரவில்லை. கீழே வந்த பிறகு, இரண்டு மணிக்கான கணக்கையும் அவனே புத்தகத்தில் எழுதினான். அவன் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மணி வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனான். காலை எட்டு மணிக்கு அவனுக்கு மறுபடியும் வாட்ச். குரல் எனக்கு நாலு நிமிஷம் கிடைத்தது, அந்த நாலு நிமிஷத்தைத் தந்ததும் அதற்குப் பிறகு என்னை நிற்க வைத்ததும் அவன்.

சரி, இது என் ஒருவன் கதை. உலகம் அறிந்த இரண்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் ஆபிரகாம் லிங்கன் 2002 ஜூலையில் புறப்பட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் துறைமுகத்தில் நின்றுவிட்டு, வீட்டை நோக்கிக் கிளம்பியது. 2003 ஜனவரி 1 அன்று, திரும்பி வளைகுடாவுக்குப் போ என்று உத்தரவு. ஈராக் போர் வந்தது. கப்பல் வீடு சேர்ந்தது மே மாதம், மொத்தம் 290 நாள். அடுத்தது நிமிட்ஸ், அதுவும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்தான். கொரோனா காலம். 2020 டிசம்பர் 31 அன்று அந்தக் கப்பல் வீடு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். மூன்றே நாளில், ஜனவரி 3 அன்று, அதை ரத்து செய்தார்கள். சொந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர மார்ச் ஆகிவிட்டது.

அந்த ஜனவரி 3 அன்று வீடுகள் எப்படி இருந்திருக்கும்? வருகிறான் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டார்கள். மூன்றே நாளில் இல்லை என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டிலிருந்து வந்த குரல் அழுகைக் குரலாகத்தானே இருந்திருக்கும்? தாங்க வேண்டிய குரலே தாங்குவதற்கு ஆள் தேடும் நாள் அது. மாலுமி வீட்டைத் தேற்ற வேண்டும். அவனைத் தேற்ற, அதே செய்தியை அதே நிமிஷத்தில் கேட்டு, அதே மாதிரி வாயடைத்துப் போன கப்பல்காரர்களைத் தவிர யார் இருந்தார்கள்?

வீட்டிலிருந்து வரும் பார்சலைப் பற்றியும் சொன்னார்கள். உண்மைதான், நடுக்கடலில் பார்சல் வந்தால் கப்பலின் முகமே மாறும். ஆனால் பண்டிகைக்கு அனுப்பியது பண்டிகை கழிந்து மூன்று வாரம் பொறுத்தும் வரும். சிலருக்கு வரவே வராது. என் மெஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: வந்த பெட்டியை பங்க்கில் வைத்துப் பிரிக்கக் கூடாது, மேஜையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். யாருக்குப் பெட்டி வரவில்லையோ அவன்தான் முதலில் பெட்டிக்குள் கையை விட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கிறிஸ்துமஸ் அன்று கப்பலின் மிக இளைய மாலுமி கேப்டன் ஆவான், அதிகாரிகள் பரிமாறுவார்கள்.

இன்னொரு நாளைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜனவரி 26, நம் குடியரசு நாள். ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பல் ஏவுகணை பட்டுத் தீப்பிடித்தது. அதில் 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். உதவிக்குப் போனது நம் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம். கடற்படையின் தீயணைப்புக் குழுவில் பத்துப் பேர் எரிகிற கப்பலில் ஏறி, அதன் ஊழியர்களோடு சேர்ந்து ஆறு மணி நேரம் போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தீயணைப்புக் குழாயை ஒருவனால் பிடிக்க முடியாது, நடுவர் அவர்களே. தண்ணீரின் வேகம் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். முன்னால் ஒருவன் முனையைப் பிடிப்பான். பின்னால் நிற்பவன் தோளால் அவன் முதுகை முட்டுக்கொடுத்து நிற்பான். புகையில் கண் தெரியாது. முதுகில் அந்தத் தோள் இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். தாங்குவது என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு நான் அறிந்த அர்த்தம் இதுதான்.

நேரம் முடிகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். மணியைப் பற்றியே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

கப்பலில் அரை மணிக்கு ஒருமுறை மணி அடிப்பது பழைய வழக்கம். நாலு மணி நேர வாட்ச் முடியும்போது எட்டு அடி. வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் பதினாறு. புத்தாண்டு பிறக்கும்போது போகிற வருஷத்துக்கு எட்டு, கப்பலில் மூத்தவர் அடிப்பார். வருகிற வருஷத்துக்கு எட்டு, இளையவன் அடிப்பான். ஒரு புத்தாண்டில் எங்கள் கப்பலில் இரண்டு வாரமாகத் தொடர்பு எதுவும் இல்லை. மூத்தவர் சமையல்காரர். இளையவன் பத்தொன்பது வயதுப் பையன், முதல் பயணம். பெரியவர் எட்டு அடித்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். பையன் எண்ணி எண்ணி அடித்தான். ஆறு, ஏழு வரைக்கும் சரியாக வந்தது. எட்டாவதுக்குக் கை எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. டெக்கில் இருந்த யாரும் பேசவில்லை. பெரியவர் அவன் கைக்கு மேல் தன் கையை வைத்தார். எட்டாவது மணியை இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். விடியற்காலை வாட்சுக்கு நான் எழுந்து போனபோது, அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார், அவன் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.