அரைக் கூடைத் தக்காளி

வணக்கம் நேயர்களே. கல்லூரியில் முதலாண்டுக் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு வைப்பார்கள் இல்லையா, பிரிட்ஜ் கோர்ஸ் என்று, அதைத்தான் நான் பல வருடம் எடுத்தேன். "மண்டையில ஏறாத பசங்க" என்று அவர்களைச் சொல்வார்கள். அது உண்மையே இல்லை.

பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன், ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். வருடா வருடம் பார்க்கிற தப்புதான். "ஏம்ப்பா, விடியறதுக்கு முன்னாடி அப்பாவோட தக்காளி மண்டிக்குப் போறவன் நீ. அரைக் கூடை தக்காளி இருக்கு, மேல இன்னும் கொட்டறோம், அரைக் கூடையை விடக் குறையுமா?" என்றேன். ஐந்தில் இரண்டு பாதிகூட இல்லையே! பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவனாகவே கூடையை ஆறு பங்காக வைத்துக்கொண்டான். அரை என்றால் மூன்று பங்கு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பங்கு, மொத்தம் ஐந்து, ஆறில் ஐந்து. "அதுக்குத்தான் கீழ ஒரே எண்ணா மாத்தச் சொன்னாங்களா சார்?" என்று கேட்டான். பன்னிரண்டாவது வரை தேறி வந்த பிள்ளை நேயர்களே, அத்தனை வருடமும் காரணம் தெரியாமலே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வகையீட்டுச் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் பின்னத்தைக் கூட்டும்போது மார்க்கை விடுகிறார்கள். அரியர் வைத்தவனுக்கு அதே சூத்திரத்தையே மறுபடி நடத்தினால் என்ன பயன்? ஓட்டை இருப்பது பின்னத்தில், சில பேருக்குக் கழித்தல் குறியில்.

இன்னொன்று. அடிப்படைக் கணக்கை முடித்துவிட்டுத்தான் மேல் பாடம் என்று நிறுத்திவைத்தால் பிள்ளைகள் பாதியிலேயே கழன்றுகொள்கிறார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கல்லூரிகளில் 2013-ல் இதைச் சோதித்தார்கள். அடிப்படை இயற்கணிதம் படிக்க வேண்டியவர்களில் ஒரு பகுதியினரை, குலுக்கல் முறையில்தான், நேராகப் புள்ளியியலில் சேர்த்து, வாராவாரம் துணை வகுப்பும் வைத்தார்கள். அவர்களில் 56 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கம்போல் இயற்கணிதமே படித்தவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம்தான்.

நேரமாகிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள். பெற்றோருக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அரியர் வைத்துவிட்டால் திட்டாதீர்கள். விடைத்தாள் நகல் வாங்கி, எந்த வரியில் தப்பு ஆரம்பிக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். வணக்கம்.