ஏறாத இருநூறு ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். முதியோர் நலன் என்றாலே நம் பேச்சு, கவனிக்காத பிள்ளைகளிடம் போய் நின்றுவிடும். பிள்ளைகளை இன்று விட்டுவிடுவோம். அரசாங்கத்தைக் கவனிப்போம்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-ல் 1000 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2023-ல்தான் வந்தது: 1200. பருப்பும் மாத்திரையும் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அதே விலையிலா இருந்தன? மத்திய அரசின் கதை இன்னும் மோசம். 2007-ல் இந்திரா காந்தி பெயரில் விரிவாக்கிய திட்டத்தில் தன் பங்காக 200 ரூபாய் கொடுத்தது. இன்றும் அதே 200தான். எண்பது வயதைத் தொட்டால் 500.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். விலைவாசிக்கு ஏற்ப எனக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. என் தெருவில் நாற்று நட்டே முதுகு வளைந்த அம்மாளும் அதே கடையில்தான் எண்ணெய் வாங்குகிறார்.

அந்தத் தொகையாவது சுலபமாகக் கைக்கு வருகிறதா? வங்கி முகவர் கைக்கருவியுடன் வந்து திண்ணையில் உட்காருகிறார். அம்மாள் கட்டைவிரலை வைக்கிறார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "அடுத்த விரலை வையுங்க பாட்டி." அதுவும் இல்லை. வயலிலும் அடுப்பிலும் தேய்ந்துபோன ரேகை; கருவிக்கு அதெல்லாம் தெரியாது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று முகவர் எழுந்துவிடுகிறார். நாளைக்கு அவர் வேறு ஊரில் இருப்பார்.

பணம் வந்த மாதத்தில் அந்த வீட்டின் காற்றே வேறு. மளிகைக் கடை பாக்கியைத் தானே தீர்க்கிறார், வெற்றிலைக்கு மருமகளிடம் கையேந்துவதில்லை, பேத்திக்கு மிட்டாய் வாங்குகிறார். வீட்டில் அவர் சொல்லுக்கும் கொஞ்சம் மதிப்பு கூடுகிறது. வாழ்க்கைத் தரம் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான்.

 

நான் கேட்பதற்குப் புதிய திட்டமோ, குழுவோ தேவையில்லை. எங்களுக்கு அகவிலைப்படி அறிவிக்கும் அதே நாளில், அதே விகிதத்தில் இந்த உதவித்தொகையையும் உயர்த்தட்டும். 2007-லிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் அந்த அம்மாள் மறுக்கமாட்டார். வணக்கம்.