செம்பனைத் தோட்டம் எப்படித் தாமான் ஆகிறது?

[திரை: காஜாங்–செமினி சாலை. ஒரு பக்கம் செம்பனை, எதிர்ப்பக்கம் புது மாடி வீடுகள்.]

வணக்கம். செமினிப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போனதுதான். இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. கோலாலம்பூர் பெருகும்போதெல்லாம் முதலில் தோட்டத்து நிலமே ஏன் போகிறது?

[திரை: பழைய வரைபடம், மூன்று புள்ளிகள்.]

1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்ஹம் ரப்பர் தோட்டத்தில். 1976-இல் சுபாங் ஜெயாவுக்கு அடிக்கல் விழுந்தது சீஃபீல்ட் தோட்டத்தில். புத்ராஜெயா இருக்கும் இடம் பிராங் புசார் தோட்டம். அங்கிருந்த நம் குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள்.

காரணம் எளிது. கம்பத்து நிலமென்றால் நூறு சொந்தக்காரர்களிடம் பேரம் பேச வேண்டும். தோட்டமென்றால் பல நூறு ஏக்கருக்கு ஒரே கம்பெனியிடம் பேசினால் போதும்.

இன்னொன்று, மரத்தின் வயது. செம்பனையை 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்ய வேண்டும். புதுக் கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுதான், வரவு இல்லை. பக்கத்தில் லேக்காஸ் நெடுஞ்சாலை வந்துவிட்டது, 2017-இல் காஜாங் வரை எம்.ஆர்.டி.யும் ஓடத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் நிலத்தை விற்றால் என்ன விலை போகும் என்று கம்பெனி கணக்குப் போடாமல் இருக்குமா? ஆகவே மரம் முற்றியும் மறுநடவுப் பேச்சே இல்லையென்றால், அப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள்.

[திரை: நிலக் கிராண், ஒரு வரி பெரிதாக.]

இந்தக் கிராணை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிலப் பயன்பாட்டு வகை என்ற இடத்தில் ‘பெர்த்தானியான்’, அதாவது விவசாயம், என்றிருக்கிறது. அது ‘பங்குனான்’, அதாவது கட்டடம், என்று மாறாமல் அங்கே வீடமைப்புத் திட்டம் கட்ட முடியாது. நிலம் மாநிலத்தின் அதிகாரம். மாற்றிக் கொடுப்பதும் அதற்குப் பிரிமியம் என்ற கட்டணத்தை வாங்குவதும் மாநில அரசுதான். அப்புறம் திட்ட அனுமதி, மேம்பாட்டாளர் லைசென்ஸ், விற்பனை. தரை வீடென்றால் ஒப்பந்தம் போட்ட 24 மாதத்தில் சாவி தர வேண்டும்.

[திரை: லயத்து வீடு.]

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்? கம்பெனி வேலையை நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம். அவ்வளவுதான். அந்தத் தொகை வேலைக்கானது. வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். மாற்று வீடு தர வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. பேசித்தான் வாங்க வேண்டும். மூன்று தலைமுறை அந்த மண்ணில் பாடுபட்டவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

பேச வேண்டிய நேரம் எது என்பதுதான் முக்கியம். விற்பனைப் பலகை ஏறிய பிறகு போய் நின்றால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி, ‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’ என்ற வட்டாரத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். செமினிக்கு அது காஜாங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. நில உரிமை இல்லாதவரும் அதற்கு ஆட்சேபம் எழுதலாம்.

[திரை: வண்ண வரைபடம். தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம்.]

வரைபடத்தில் உங்கள் தோட்டம் இன்னும் விவசாய நிறத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எழுதுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு நிலம், கோயில் எந்த லாட்டில், இடுகாடு என்ன ஆகும், மலிவு விலை வீடுகள் அதே நிலத்துக்குள் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். லயத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறதோ அத்தனை பேரும் தனித்தனியே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நகலில் ‘தெரிமா’, அதாவது பெற்றுக்கொண்டோம், என்ற முத்திரை குத்தி வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.